90 நிமிடமும் 21 நிமிடமும்: ஆரையம்பதிப் பிள்ளையின் முதல் சர்வதேச ஓப்பன்

சதுரங்கப் போட்டியொன்றின் முதல் சுற்று ஸ்கோர் ஷீட்டில் (நகர்த்தல்களை எழுதும் தாளில்) 31ஆவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் சின்னதாக "84" என்று எழுதியிருக்கிறது. அது என் மாணவியின் கடிகாரத்தில் மிஞ்சியிருந்த நிமிடம். ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல் என்று நடந்த ஆட்டம் அது. 31 நகர்த்தலுக்கு அவளுக்குக் கிடைத்த மொத்த நேரம் 105 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். செலவழித்தது 21 நிமிடம் சொச்சம். தோற்றுக் கைகொடுத்துவிட்டு எழும்பும்போது எதிராளியின் கடிகாரத்தில் 38 நிமிடம்தான் இருந்ததாம். அந்த ஆள் ஒரு மணிநேரத்துக்கு மேல் யோசித்து வென்றார், இவள் 21 நிமிடத்தில் தோற்றாள்.

நான் மட்டக்களப்பின் கல்லடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பழக்குகிறேன். இவள் ஆரையம்பதியிலிருந்து வருகிறவள். 12 வயது, தரம் 7. பெயர் இங்கே தேவையில்லை. போன ஆகஸ்ட் விடுமுறையில் சென்னையில் நடந்த ஒன்பது சுற்று ஓப்பன் (யாரும் ஆடக்கூடிய போட்டி) ஒன்றில் ஆடினாள். அவளுக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் போட்டி. கூடப் போனது தாய், நான் போகவில்லை. அதனால் இந்த ஆய்வுக்கு என்னிடம் இருப்பவை ஒன்பது ஸ்கோர் ஷீட்டுகளின் கார்பன் பிரதி, இரவில் வாட்ஸ்அப்பில் பேசியவை, தாய் வந்து சொன்னவை, அவ்வளவுதான். நகர்த்தலோடு கடிகார நேரத்தையும் எழுதி வா என்று போகும்போது சொல்லி அனுப்பியிருந்தேன். ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) விதி அதற்கு இடம் தருகிறது. நகர்த்தல், நேரம், டிரா கேட்ட விபரம், கோரிக்கை தொடர்பான விடயம் ஆகியவற்றைத் தவிர வேறொன்றையும்தான் அந்தத் தாளில் எழுதக் கூடாது. அவள் எழுதி வந்த நேரக் குறிப்புகள் இல்லாவிட்டால் நானும் எல்லோரையும் போல "ஓப்பனிங் (தொடக்க நகர்த்தல்கள்) போதாது" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

ஓப்பனிங் போதாமல் இல்லை. ஒன்பது ஆட்டத்திலும் 15ஆவது நகர்த்தல் வரைக்கும் அவள் எங்கேயும் மோசமான நிலையில் இல்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் குகேஷும் வளர்ந்த ஊரின் பிள்ளைகள், அந்த ஊரின் பெரியவர்கள். அவர்களோடு முதல் 15 நகர்த்தலைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

போகுமுன்

அவளுடைய ரேட்டிங், அதாவது ஆட்டப் பலத்தைக் காட்டும் எண், 1490. இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 2024 மார்ச் வரை அது 1150ஆகத்தான் இருந்தது. அந்த மாதம் ஃபிடே ரேட்டிங்கின் அடிமட்டத்தை 1000இலிருந்து 1400க்கு உயர்த்தியது. 2000க்குக் கீழே இருந்த எல்லோருக்கும், 2000க்கும் அவரவர் ரேட்டிங்குக்கும் உள்ள இடைவெளியில் 40 சதவீதத்தைக் கூட்டியும் கொடுத்தது. இவளுக்கு இடைவெளி 850, கூடியது 340. ஒரு காயைக்கூட நகர்த்தாமல் வந்த 340 புள்ளி. தகப்பன் அயலெல்லாம் இனிப்புக் கொடுத்தார். எல்லோருக்கும்தான் கூடியிருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செலவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தகப்பன் ஓட்டோ ஓடுகிறார். சுவிஸில் இருக்கும் சித்தப்பா விமானச்சீட்டைப் போட்டார், தாயின் சங்கிலி அடகுக்குப் போனது. வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் டாலரில். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டாலர் பிறகு 300ஐ ஒட்டி வந்துவிட்டது என்பதால், அந்தப் பொருளாதார நெருக்கடிக்கு முன்பு போயிருந்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். 16 வயதுக்குக் கீழே கடவுச்சீட்டு மூன்று வருடத்துக்குத்தான் செல்லும் என்பதையும் பெற்றோர் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த மூன்று வருடத்துக்குள் இன்னும் எத்தனை போட்டிக்கு அனுப்ப முடியும் என்று முதலிலேயே யோசிக்க வேண்டும்.

முதல் மூன்று சுற்று

சுவிஸ் முறை என்ற இணைசேர்ப்பில், முதல் சுற்றில் ரேட்டிங் பட்டியலின் மேல் பாதியும் கீழ் பாதியும் மோதும். கீழ்ப் பாதியில் இருந்த இவளுக்கு 1905 ரேட்டிங் உள்ள ஒருவர் கிடைத்தார். அந்தத் தோல்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 400 புள்ளி வித்தியாசத்தில் எதிர்பார்க்கப்படும் புள்ளி (வென்றால் 1, டிரா என்றால் அரை) 0.08. அதனால் தோற்றதில் போனது மூன்று ரேட்டிங் புள்ளி சொச்சம்தான். என்னை உறுத்தியது வேகம் மட்டும்தான்.

இரண்டாம் சுற்றில் ரேட்டிங் இல்லாத ஒரு சிறுவன். வென்றாள். அதிலும் கடிகாரத்தில் 80 நிமிடத்துக்கு மேல் மிச்சம்.

மூன்றாம் சுற்றுத்தான் இந்த ஆய்வின் நடு. எதிராளிக்கு 1690. நல்ல ஆட்டம், 40 நகர்த்தல் வரைக்கும் யாருக்கும் மேல்கை இல்லை. பிறகு ஒரு சிப்பாயை இழந்தாள். ஆட்டம் ரூக் (கோட்டை) எண்ட்கேமில், அதாவது ராஜாவும் ரூக்கும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டத்தில், வந்து நின்றது. 49ஆவது நகர்த்தலில் நிலை இப்படி (எழுத்து பலகையின் நெடுக்கையும் எண் வரிசையையும் குறிக்கும்): வெள்ளைக்கு டி5இல் ராஜா, ஈ5இல் சிப்பாய், எச்7இல் ரூக். கறுப்பாக ஆடிய இவளுக்கு ஈ8இல் ராஜா, பி8இல் ரூக். நகர்த்த வேண்டியது இவள்.

எண்ட்கேம் படித்தவர்களுக்கு இது அறிமுகமான இடம். 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு இசையமைப்பாளரும் ஆட்டக்காரருமான பிலிடோரின் பெயரால் அழைக்கப்படும் தற்காப்பு இங்கே அப்படியே பொருந்தும். ரூக்கை பி6இல் வைத்து ஆறாம் வரிசையை அடைத்துவிட வேண்டும். வெள்ளை ராஜா மேலே ஏற முடியாது. வேறு வழியில்லாமல் சிப்பாய் ஈ6க்கு வந்தால், அந்தக் கணமே ரூக் பலகையின் அடிக்கு, பி1க்கு, இறங்கி பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்கலாம். ராஜா ஒளிய இருந்த ஒரே இடத்தில் இப்போது அவர்களின் சிப்பாயே நிற்கிறது. ஆட்டம் டிரா.

அவள் ரூக்கை டி8க்குக் கொண்டுபோய்ச் செக் வைத்தாள். வெள்ளை ராஜா ஈ6க்கு வந்தது. எச்8இல் மேட் மிரட்டல். இவளின் ராஜா எஃப்8க்கு நகர்ந்தாலும் அதே எச்8 செக்கில் ரூக் போய்விடும். மூன்று நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

அன்றிரவு பேசும்போது அவள் சொன்னது: "சேர், நான் செக் வைச்சன். மறுகா ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு." ஏன் செக் வைத்தாய் என்றேன். "செக் வைக்க ஏலுமெண்டு கண்டன், வைச்சன்."

49ஆவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் அவள் எழுதியிருக்கும் நேரம் 63. ஒரு மணிநேரத்துக்கு மேல் கையில் இருக்கிறது, ஆட்டத்தின் தலைவிதி அந்த ஒரு நகர்த்தலில் இருக்கிறது. அதற்கு அவள் கொடுத்தது ஒரு நிமிடம்கூட இல்லை. பிலிடோர் தெரியாததை ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம். அன்றிரவே படம் அனுப்பிச் சொல்லிக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பெயரைக் கேள்விப்படாத பிள்ளைக்கும் 20 நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் டி8 செக்குக்குப் பிறகு ராஜா எங்கே போகும் என்று தெரிந்திருக்கும். இரண்டு நகர்த்தல் ஆழம்தான். இவளால் ஆறு நகர்த்தல் ஆழம் பார்க்க முடியும், நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் உட்காரவில்லை? அவளுடைய கை அப்படிப் பழகியிருக்கிறது. நான் பிள்ளைகளைக் கூட்டிப் போன வலயப் போட்டி, மாவட்டப் போட்டி எல்லாம் ஒரே நாளில் ஐந்தாறு சுற்று முடிக்க வேண்டியவை. ஆளுக்கு 15 நிமிடம், அதிகம் போனால் 20. கடிகாரம் போதாத மேசைகளில் அதுவும் இல்லை, ஆசிரியர் வந்து "கெதியா முடியுங்க" என்பார். அங்கே யோசிக்கிற பிள்ளை தோற்கும். ஏழு வயதிலிருந்து இவள் வென்றதெல்லாம் அந்த மேசைகளில்தான், வேகமாக ஆடித்தான் வென்றாள். ஓட்டோவை ஓடிப் பழகியவரிடம் லொறியின் சாவியைக் கொடுத்தது போல, மட்டக்களப்பில் வென்ற கையோடு சென்னைக்குப் போயிருக்கிறாள்.

60 நகர்த்தல் போகிற ஓர் ஆட்டத்தில் ஒருவருக்கு 90 நிமிடத்தோடு இன்னும் 30 நிமிடம் சேர்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து நான்கு மணிநேரம். சென்னைக்குப் போகும்வரை இவள் வாழ்க்கையில் ஒரு தடவையும் இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஓர் ஆட்டத்தில் இருந்ததில்லை.

ஐந்தாம் சுற்றும் மூன்று தடவை விதியும்

நான்காம் சுற்று 1540உடன் டிரா. அன்று பின்னேரமே ஐந்தாம் சுற்று. எதிராளி 1640 ரேட்டிங்கில் ஒரு நடுவயதுக்காரர். இவருக்கு நேரம் குறைந்துகொண்டு போனது, நிலை கொஞ்சம் நல்லாக இருந்தது. அனுபவசாலிகள் செய்கிற வேலையை அவர் செய்தார்: ராணியை அங்கும் இங்கும் நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கிடைக்கும் 30 விநாடியைச் சேர்த்துக்கொண்டே வழி தேடினார். 38, 40, 42 என்று ஒரே நிலை மூன்று தடவை வரப்போகிறது. அப்படி வந்தால் டிரா கேட்கலாம். இவள் அதைக் கவனித்துவிட்டாள்! அதற்காக அவளை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் கேட்ட முறை பிழைத்தது. மூன்றாம் தடவையை உண்டாக்கும் நகர்த்தல் இவளுடையது. அப்படியானால் அந்த நகர்த்தலைப் பலகையில் ஆடக் கூடாது. ஸ்கோர் ஷீட்டில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, ஆபிட்டரை (நடுவரை) கூப்பிட்டு "இதை ஆடப் போகிறேன், இதோடு மூன்று தடவை" என்று சொல்ல வேண்டும். காயைத் தொட்டாலே அந்த நகர்த்தலில் டிரா கேட்கும் உரிமை போய்விடும். இவள் ராணியை நகர்த்தி, கடிகாரத்தை அமத்தி, பிறகு "டிரா" என்றாள். எதிராளி தலையாட்டவில்லை. ஆபிட்டர் வந்தார், பொறுமையாகத் தமிழிலேயே விளக்கினார், ஆட்டம் தொடரட்டும் என்றார். அதற்குள் எதிராளிக்கு வழி கிடைத்துவிட்டது. வேறு நகர்த்தலை ஆடி, 20 நகர்த்தலுக்குள் வென்றார்.

ஆபிட்டர்மேல் ஒரு குறையும் இல்லை. ஐந்து தடவை வந்தால் யாரும் கேட்காமலே ஆபிட்டர் டிரா என்று அறிவிக்க வேண்டும், மூன்று தடவைக்கு ஆட்டக்காரர்தான் கேட்க வேண்டும். விதி அப்படித்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. விதியில் ஓர் இடம் விளங்காவிட்டால் ஆபிட்டரிடம் கேட்க ஆட்டக்காரருக்கு உரிமை இருக்கிறது. ராணியைத் தொடுமுன் கையை உயர்த்தி, டிரா எப்படிக் கேட்பது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கடிகாரத்தில் 66 நிமிடம் இருந்தது, ஆபிட்டருக்கும் இவளுக்கும் ஒரே மொழி. ஏன் கேட்கவில்லை என்றால், "ஏசுவாங்க எண்டு நினைச்சன்" என்கிறாள். ஏழு வருடம் பாடசாலைக்குப் போன பிள்ளையின் பதில் அது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஒரு தோல்விக்கும் டிராவுக்கும் இடையில் இவளின் ரேட்டிங்கில் 20 புள்ளி வித்தியாசம், ஏனென்றால் 18 வயதுக்குக் கீழே, 2300க்கும் கீழே இருப்பவர்களுக்குக் கே மதிப்பு (ஓர் ஆட்டத்தின் முடிவு ரேட்டிங்கை எவ்வளவு மாற்றும் என்ற பெருக்கும் எண்) 40. மூன்றாம் சுற்றிலும் ஐந்தாம் சுற்றிலும் கைவிட்டுப் போன இரண்டு அரைப்புள்ளிக்கு விலை 40 ரேட்டிங் புள்ளி.

ஏழாம் சுற்று

ஆறாம் சுற்றில் தன்னைவிடக் கொஞ்சம் குறைந்த ரேட்டிங் உள்ள ஒருவரை வென்றாள். அந்த இரவு நான் ஒரே ஒரு விடயம்தான் சொன்னேன்: நாளைக்கு வெல்லத் தேவையில்லை, கடிகாரத்தில் 20 நிமிடத்துக்கு மேல் மிச்சம் வைத்துக்கொண்டு எழும்பாதே. தாய்க்கு இது பிடிக்கவில்லை. இவ்வளவு செலவழித்துப் போன இடத்தில் வெல்லத் தேவையில்லை என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

எதிராளி அவள் வயதுப் பெடியன், 1710. 24ஆவது நகர்த்தலில் ராணிகளை மாற்றலாமா என்ற கேள்வி வந்தது. ஷீட்டில் 23க்குப் பக்கத்தில் 47, 24க்குப் பக்கத்தில் 28. இடையில் 19 நிமிடம். ராணிகளை மாற்றினால் தனக்கு ஒரு குதிரை, அவனுக்கு ஒரு பிஷப் (சாய்வாக, ஒரே நிறக் கட்டங்களில் ஓடும் காய்). அவனுடைய சிப்பாய்களில் நான்கு, பிஷப் ஓடுகிற அதே நிறக் கட்டங்களில் முட்டுப்பட்டு நிற்கின்றன. தன் சிப்பாய்களே வழியை மறிக்கும்போது பிஷப்பால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. குதிரைக்கு அந்தக் கவலை இல்லை, எந்த நிறத்துக்கும் போகும். இதையெல்லாம் அவளுக்கு நான் முன்பே காட்டியிருந்தேன். பலகையில் தானாகவே கண்டுபிடித்தது அன்றுதான். மாற்றினாள். ராஜாவை நடுவுக்கு நடத்திக்கொண்டு போய், 47ஆவது நகர்த்தலில் வென்றாள். கடிகாரத்தில் 9 நிமிடம். 47 நகர்த்தலுக்கு 104 நிமிடம் யோசித்திருக்கிறாள்.

அந்த ஒரு வெற்றியில் கிடைத்தது 31 ரேட்டிங் புள்ளி.

இங்கேயே முடித்தால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் அடுத்த நாள் காலை எட்டாம் சுற்றில், 1795 ரேட்டிங் உள்ளவருக்கு எதிராக, ஒன்பதாவது நகர்த்தலுக்கே 25 நிமிடம் உட்கார்ந்திருக்கிறாள். நன்றாகத் தெரிந்த ஓப்பனிங், யோசிக்க அங்கே ஒன்றும் இல்லை. 30ஆவது நகர்த்தலுக்கு வரும்போது நிமிடங்கள் போய் விநாடிகளில் ஆடிக்கொண்டிருந்தாள், ரூக் ஒன்று சும்மா போனது. யோசிக்கச் சொன்னால் எல்லா இடத்திலும் யோசிக்கிறாள். எங்கே யோசிப்பது, எங்கே கையை நம்பி ஆடுவது என்பது ஒரு இரவு வாட்ஸ்அப்பில் வருகிற விடயம் இல்லை, நீண்ட ஆட்டங்களை ஆடி ஆடித்தான் வரும். களைப்பும் சேர்ந்திருக்கும். முந்தின நாள் ஏழாம் சுற்று ஆட்டம் மூன்றரை மணிநேரம் போனது. அரங்குக்குள் பெற்றோரை விடுவதில்லை, தொலைபேசி கொண்டுபோனால் ஆட்டமே போய்விடும். அவ்வளவு நேரமும் தாய் வெளியே படிக்கட்டில் இருந்திருக்கிறார்.

ஒன்பதாம் சுற்றில், 1580க்கு எதிராக, தனக்கு நல்ல நிலை இருக்கும்போதே 22ஆவது நகர்த்தலில் எதிராளி கேட்ட டிராவை ஏற்றுக்கொண்டாள். மெரினா பார்க்க வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தது உண்மை. தாய் சிரித்துக்கொண்டு, "கடல் இங்க கல்லடியில இல்லையா எண்டு கேட்டன் சேர், அது வேற கடலாம்" என்றார்.

கணக்கு: ஒன்பதில் நான்கு புள்ளி. ரேட்டிங் 1490இலிருந்து 1516. ரேட்டிங் உள்ளவர்களோடு ஆடிய எட்டு ஆட்டம் மட்டுமே இதில் சேரும், இரண்டாம் சுற்று வெற்றி சேராது.

திரும்பி வந்த பிறகு

இப்போது எங்கள் வகுப்பில் போயா (பௌர்ணமி) விடுமுறை தோறும் நீண்ட ஆட்டம் ஒன்று வைக்கிறோம். ஆளுக்கு 60 நிமிடம், 30 விநாடி கூடுதல், ஸ்கோர் ஷீட் கட்டாயம், நேரமும் எழுத வேண்டும். போயாவைத் தெரிவு செய்ததற்குக் காரணம் சாதாரணமானது. ஞாயிற்றுக்கிழமையில் காலை டியூஷன், பின்னேரம் டியூஷன், இடையில் இரண்டு மணிநேரம்தான் பிள்ளைகள் கிடைக்கிறார்கள். போயாவில் முழுக்காலை கிடைக்கிறது. காத்தான்குடியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் அந்த நாள் வசதி.

முதல் மாதம் பரிதாபம். 60 நிமிட ஆட்டத்தை 12 நிமிடத்தில் முடித்துவிட்டு முற்றத்தில் கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள். இப்போது முடித்தவர்கள் அதே கதிரையில் இருந்து, தோற்ற இடம் எதுவென்று எதிராளியோடு சேர்ந்து கண்டுபிடித்த பிறகுதான் எழும்பலாம். கூடுதல் விநாடி கொடுக்கும் டிஜிட்டல் கடிகாரம் எங்களிடம் போதிய அளவு இல்லை. பழைய சாவி கொடுக்கிற கடிகாரங்களில் அந்த வசதி கிடையாது. தொலைபேசிச் செயலியை வைத்துச் சமாளிக்கிறோம். அதில் எனக்கு விருப்பமில்லை. மேசையில் தொலைபேசி இருந்தால் பிள்ளையின் கண் அதில்தான். டிரா கேட்கிற முறையை நடித்துப் பழகுகிறோம். ஒருவர் ஆபிட்டர், இருவர் ஆட்டக்காரர். எல்லோருக்கும் ஆபிட்டராக இருக்கத்தான் ஆசை.

தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது. தரம் 4க்கு வந்ததும் புலமைப்பரிசில் பரீட்சை என்று பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்கள். இந்த வருடம் நல்லாக ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. இவளைத் தாய் நிறுத்தாதது அபூர்வம்.

தாய் போன கிழமை வந்து, அடுத்த வருடமும் சென்னைக்கு அனுப்பலாமா என்று கேட்டார். 26 புள்ளிக்கு இவ்வளவு செலவா என்று தகப்பன் கேட்கிறாராம். அந்தக் காசுக்குக் கொழும்பில் பல ரேட்டட் போட்டி ஆடலாம் என்பது சரிதான். ஆனால் அங்கே திரும்பத் திரும்ப அதே முகங்கள். ஒன்பது புதிய எதிராளிகள் ஒரே கிழமையில் கிடைக்கிற இடம் சென்னைதான். என் பதில்: அடுத்த ஆகஸ்டுக்குள் அவளுடைய ஷீட்டுகளில் 49 போன்ற நகர்த்தலுக்கு நேரம் கொடுத்திருப்பதும், ஒன்பதாவது நகர்த்தலுக்குக் கொடுக்காததும் தெரிந்தால் அனுப்புவோம், இல்லாவிட்டால் சங்கிலி இன்னொரு தடவை அடகுக்குப் போக வேண்டாம். முதலில் டிசம்பர் விடுமுறையில் கொழும்பில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். மழைக்காலம் என்பதால் ரயிலை நம்ப முடியாது, முதல் சுற்றுக்கு முதல் நாளே போய்ச் சேர்வதாக ஏற்பாடு.